முதலாம் வருடத்துக் கொப்பி

ஏ.எல். பெறுபேறு வந்துவிட்டால் எங்கள் வீட்டு விறாந்தை ஒரு மாதத்துக்குக் கந்தோர் மாதிரி. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் பிள்ளைகள் தாய் தகப்பனோடு வருவார்கள். மேசையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் விரித்தபடி கிடக்கும். எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு சோடிக்கும் ஒரு குறியெண் உண்டு. அந்த எண்களைப் பிள்ளை தன் விருப்ப ஒழுங்கில் நிரைப்படுத்த வேண்டும். எதை முதலில் போடுகிறோம், எதைப் பத்தாவதாகப் போடுகிறோம் என்பதில் ஒரு வாழ்க்கை திரும்பிவிடும். அதனால் நான் அவசரப்படுவதில்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் கைநூலைத் தொடுவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். காலபோகத்து நாற்று வயலில் நின்ற நேரம். காலில் சேறு காயாமல் வந்து, விறாந்தையில் ஏறாமல் படியிலேயே இருந்தார். எத்தனை தரம் கூப்பிட்டும் மேலே வரவில்லை. பிள்ளைக்கு நல்ல பெறுபேறு. நான் ஒவ்வொரு குறியெண்ணாக விளக்கிக்கொண்டு போக அவர் இடையில் சொன்னார்: “எங்கை எண்டாலும் போகட்டும் ரீச்சர். கம்பஸ் கிடைச்சாக் காணும்.” கொஞ்ச நேரம் கழித்து, எனக்கில்லை, முற்றத்துக்குச் சொல்வது போல: “அங்கை போனாப் பிறகு ஆர் பாக்கிறது?”

அரச பல்கலைக்கழகம் எதற்கு இருக்கிறது, எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று பெரிய மண்டபங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அந்தத் தகப்பனின் கேள்விதான் முதல் கேள்வி. பிள்ளையை உள்ளே எடுக்க நாட்டில் ஒரு நுணுக்கமான கணக்கு இருக்கிறது. எடுத்த பிள்ளையை முதலாம் வருடம் தாண்டவைக்க அவ்வளவு நுணுக்கமான எதுவும் இல்லை.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்பஸ் போன பிள்ளைகளுக்கே அது முழுதாகத் தெரியாது. இலங்கையில் அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. திறைசேரிப் பணம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக வருகிறது. முதற்பட்டப் படிப்புக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. பொதுவாக எந்தப் பல்கலைக்கழகமும் தன் மாணவரைத் தானே கூப்பிட்டுத் தெரிவு செய்வதில்லை. உயர்தரப் பெறுபேற்றை வைத்து ஆணைக்குழுதான் பகிர்கிறது. துணைவேந்தர் நியமனத்தில்கூட பேரவை மூன்று பெயர்களை அனுப்ப, சனாதிபதி ஒருவரை நியமிக்கிறார்.

பகிர்வதற்கு வைத்திருக்கும் அளவுகோல் இசட் புள்ளி. 2001இல் வந்தது, எங்கள் காலத்துக்குப் புதிது. ஒரு பாடத்தில் நாடு முழுவதன் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 70 எடுத்தால் சராசரியிலிருந்து 30 மேலே. அதை 15ஆல் வகுத்தால் 2. அதுதான் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. மூன்று பாடத்துக்கும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். கடினமான பாடம் எடுத்தவரும் இலகுவான பாடம் எடுத்தவரும் ஒரே தராசில் நிற்கலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு.

அதன் பிறகு வருவது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பதினாறில் உண்டு. 1,000 இடமுள்ள ஒரு கற்கைநெறியை எடுத்தால் 550 இடம் மாவட்டப் பங்கு. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவில் ஒரு இலட்சம் சனம்கூட இல்லை. நாட்டில் இரண்டு கோடிக்கு மேல். அந்த 550இல் எங்கள் பங்கு இரண்டு அல்லது மூன்று. கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டினால் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பிறகு பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்பான்: “அப்ப நான் இவளோடை மட்டும் போட்டி போட்டாக் காணுமே?” கிட்டத்தட்ட அப்படித்தான்.

இந்த மாவட்டக் கணக்கைப் பற்றி எழுதும்போது எனக்குள் இரண்டு பக்கமும் இழுக்கும். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. முதலில் மொழியை வைத்துப் புள்ளியைச் சரிப்படுத்தினார்கள், பிறகு மாவட்டப் பங்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் இன்றைக்கும் ஆறாத புண். படித்த பிள்ளை, எடுக்க வேண்டிய புள்ளியை எடுத்த பிள்ளை, தமிழில் எழுதியதற்காக வெளியே நின்றது அநியாயம். அதை அநியாயம் என்றே நான் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் வன்னியில் நின்று பார்க்கிறவளுக்கு மற்றதும் தெரிய வேண்டும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் கடைசியில். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. அது அப்படியே இருந்திருந்தால் தர்மபுரத்துப் பிள்ளை நல்லூர்ப் பிள்ளையோடு, நூறு வருடப் பள்ளிக்கூடங்களோடு, ஒரே வரிசையில் நின்றிருக்கும். மொழியை வைத்துத் தள்ளியதையும் மாவட்டத்தை வைத்துக் கைகொடுத்ததையும் ஒரே சொல்லால் ஏசுவது எங்கள் பிள்ளைகளுக்குச் செய்கிற நீதியாக இல்லை. என் மாணவர்களில் பலர் அந்த 55 வீதத்தாலும் 5 வீதத்தாலும் போனவர்கள். நானும்தான்.

நான் போனது 2002இல். ஏ9 பாதை அந்த ஏப்ரலில்தான் திறந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், அங்கிருந்து புளியங்குளத்தில் ஒரு சோதனை, ஓமந்தையில் இன்னொரு சோதனை, பிறகு வவுனியா. எனக்குக் கிடைத்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் வளாகமாக உயர்ந்த இடம். நாங்கள் போன காலத்தில் நகரத்துக்குள்ளும் குருமன்காட்டிலும் கட்டடங்கள் சிதறிக் கிடந்தன. இன்று மன்னார் வீதியில், நகரத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளி, பம்பைமடுவில் பரந்து நிற்கிறது. 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி அது வவுனியாப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தனித்து நின்றது, நாட்டின் பதினேழாவது. அன்றைக்கு நான் பாடசாலைப் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு அழுதேன். 2009இல் போர் முடிந்த பிறகு பம்பைமடு என்றால் எங்கள் சனத்துக்கு வேறொரு நினைவு. புலிகள் இயக்கத்தில் இருந்த பெண்பிள்ளைகளை வைத்திருந்த புனர்வாழ்வு முகாம், கம்பிக்கு வெளியே சாப்பாட்டுப் பார்சலோடு நிற்கும் தாய்மார். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் என்று எழுதிப் பார்க்க எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது.

தலைப்பில் சொன்ன கொப்பிக்கு வருகிறேன்.

முதலாவது கிழமை, கணித விரிவுரை. விரிவுரை ஆங்கிலத்தில். எனக்குக் கணிதம் தெரியும். எட்டாம் வகுப்பிலிருந்து குப்பி விளக்கில் கணக்குச் செய்து வளர்ந்தவள். பலகையில் எழுதிய சமன்பாடு விளங்கியது. வாயால் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. லிமிட் என்றார். ஃபங்ஷன் என்றார். வெக்டர் என்றார். இவையெல்லாம் புதுப் பாடங்கள், நான் படிக்காதவை என்று நினைத்து இரவு முழுக்கப் பயந்துகொண்டு கிடந்தேன். மூன்றாம் கிழமைதான் பிடிபட்டது: லிமிட் என்பது எல்லை. ஃபங்ஷன் என்பது சார்பு. வெக்டர் என்பது எங்கள் காவி. மேட்றிக்ஸ், சாதாரண தரத்திலேயே படித்த தாயம். எல்லாம் எனக்குத் தெரிந்த ஆட்கள். வேறு உடுப்புப் போட்டு நின்றார்கள்.

ஒரு ஒற்றைறூல் கொப்பி வாங்கினேன். நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் விரிவுரையில் கேட்ட சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். கேட்டது கேட்டபடி, எழுத்துக்கூட்டல் பிழையாக இருந்தாலும் எழுதினேன். மாலையில் நூலகத்தில் சரிபார்த்தேன். இரண்டாம் வருடம் வந்தபோது எழுபதுக்கு மேற்பட்ட பக்கங்கள். வன்னியிலிருந்து அடுத்த வருடம் வந்த தங்கச்சி ஒருத்தி அதைப் போட்டோக் கொப்பி எடுத்தாள். அதை எடுத்தது எவ்வளவு நல்லது என்று பிறகு தெரிந்தது. என் கொப்பி 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் ஒரு பையோடு போய்விட்டது. செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்து, மறுபடி பாடசாலை தொடங்கியபோது அவள் வவுனியாவிலிருந்து தன்னிடம் இருந்த பிரதியை அனுப்பினாள். அதை வைத்து இன்னொன்று எழுதினேன். இப்போது கம்பஸ் போகும் ஒவ்வொரு கணிதப் பிள்ளைக்கும் அதன் பிரதி ஒன்று கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

முன்பு எல்லோருக்கும் கொடுக்க முடியவில்லை. ஒருவனுக்குக் கொடுக்கத் தவறினேன். கெட்டிக்காரன், அந்த வருடம் எங்கள் வலயத்தில் பேசப்பட்ட பிள்ளை. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன், எங்கேயும் நடக்கக்கூடியதுதான். முதலாம் வருட இரண்டாம் அரையாண்டுக்குள் திரும்பி வந்துவிட்டான். ஊரில் எல்லோரும் காசுப் பிரச்சினை என்றார்கள். முள்ளியவளையில் ஒரு கட்டட வேலையில் சீமெந்து குழைத்துக்கொண்டு நின்றவனைப் போய்ப் பார்த்தேன். மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு வந்தான்.

“வீட்டை காசில்லை எண்டு சொன்னா எல்லாரும் நம்புவினம், ரீச்சர். ஆனா அது பொய். எனக்கு விளங்கேல்லை. இஞ்சை எல்லாருக்கும் படிப்பிச்ச நான், அங்கை எனக்கு விளங்கேல்லை எண்டு ஆரிட்டைப் போய்ச் சொல்றது?”

அவன் கேட்டதற்கு அந்த இடத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, ஆனால் அது நான் ஒருத்தி செய்து முடிக்கிற பதில் இல்லை.

பல்கலைக்கழகங்களில் தொடக்கத்தில் சில வாரம் ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். அது நல்லது, போதாது. பஸ் நிலையத்தில் வழி கேட்கும் ஆங்கிலம் அந்தப் பிள்ளையை விரிவுரையில் காப்பாற்றாது. பாடத்தோடு சேர்ந்த ஆங்கிலம் வேண்டும். ஒவ்வொரு பீடமும் தன் முதலாம் வருடச் சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டு முதல் நாளே கையில் கொடுக்கலாம். மூன்றாம் வருட மாணவருக்குக் கொஞ்சக் காசு கொடுத்து, கிழமைக்கு இரண்டு பின்னேரம் முதலாம் வருடக்காரரோடு இருந்து கணக்குச் செய்யவைக்கலாம். மூத்தவர் என்றால் பகிடிவதை செய்கிறவர் என்ற பயம் எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தொற்றி வருகிறது. 1998இலேயே அதைத் தடைசெய்யச் சட்டம் வந்தும் பயம் போகவில்லை. மூத்தவர் என்றால் கணக்குச் சொல்லித்தருகிறவர் என்று ஆகட்டும். இடைப் பரீட்சையில் விழுந்த பிள்ளையை ஒரு கிழமைக்குள் யாராவது கூப்பிட்டு இருத்திக் கதைக்க வேண்டும். இதற்கெல்லாம் புதுக் கட்டடம் தேவையில்லை. கட்டடம் திறந்தால் பத்திரிகையில் படம் வரும். நின்றுபோகிற பிள்ளைக்குப் படம் வராது.

காசும் காரணம்தான். மகாபொல புலமைப்பரிசில் 1981இல் தொடங்கியது. நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயில் நின்று, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. ஆண்டுக்குப் பத்துத் தவணை. படிவத்துக்கு கிராம சேவகரிடம் வருமானச் சான்று, கையொப்பம், அலைச்சல். முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில்தான் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. அறை வாடகையும் சாப்பாடும் முதல் மாதத்திலேயே வரும். அவை தவணை பார்ப்பதில்லை. விரிவுரையாளர் சங்கங்கள் 2012இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு மூன்று மாதமளவில் வேலைநிறுத்தம் செய்தன. அந்த 6 வீதம் வரவில்லை. 2022 பொருளாதார நெருக்கடி வந்து பல விரிவுரையாளர்கள் நாட்டை விட்டே போனார்கள். குறைந்த காசில் எதை முதலில் செய்வது என்று தெரிவு செய்கிற நிலையில்தான் எல்லாப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அதனால்தான் முதலாம் வருடம் முதலில் என்று விடாமல் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். மற்ற மூவர்? கலிபோர்னியா மாநிலம் 1960இல் ஒரு பெருந்திட்டம் போட்டது: பெறுபேற்றில் முன்னணி மாணவர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்கு, அடுத்தவர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, மிச்ச எல்லோருக்கும் உள்ளூர்க் கல்லூரி, அந்தக் கல்லூரியில் நன்றாகச் செய்தால் மேலே ஏறிப்போக வழி. அதுவும் குறையில்லாதது இல்லை. ஆனால் ஏணி தரையைத் தொட்டு நின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அதே அறிவியல் நகரில் இலங்கை – ஜெர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. ஒன்றில் இயந்திரத்தின் கணக்கு, மற்றதில் இயந்திரத்தின் கை. கை பழகிய கெட்டிக்காரப் பிள்ளை கணக்குப் பக்கம் வர அகலமான ஒரு பாதை வேண்டும் என்பது என் ஆசை.

அறிவியல் நகருக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிப்போவதுண்டு. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது. போர் அதைத் துரத்த, பல வருடம் திருநெல்வேலியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. எங்களைப் போலவே இடம்பெயர்ந்து மீண்ட பீடம். பக்கத்தில் இரணைமடு. அந்தக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக் குடிநீருக்குக் கொண்டுபோவதா என்று வருடக்கணக்காகச் சண்டை நடந்தது. சிறுபோகம் செய்கிறவனுக்குத் தண்ணி சோறு; யாழ்ப்பாணத்துக் கிணற்றில் உவர் ஏறியவனுக்கு அது உயிர். இரண்டு பக்கமும் எங்கள் சனம். 2018 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது வான்கதவு எப்போது திறந்தது என்பதில் இன்னொரு சண்டை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள். இப்படியான நேரங்களில் குளத்தில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு வரும், எவ்வளவு கொடுக்கலாம் என்று அளந்து, கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தமிழில், பயமில்லாமல் சொல்ல ஒருவர் வேண்டும். அமைச்சரின் ஆள் சொன்னால் மற்றப் பக்கம் நம்பாது. கமக்காரர் தலைவர் சொன்னால் இந்தப் பக்கம் நம்பாது. மக்கள் காசில் நடக்கிற, யாருக்கும் கை கட்டாத ஒரு இடம் சொன்னால்தான் இரு பக்கமும் காது கொடுக்கும். முத்தையன்கட்டின் கீழ் வளர்ந்த பிள்ளை அந்த அளவுகோலோடு வந்து நின்றால் இன்னும் நன்றாகக் கேட்கும். அந்தப் பிள்ளை முதலாம் வருடத்தில் நின்றுவிடக்கூடாது.

படியில் இருந்த தகப்பனின் மகளுக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், கணிதத்தோடு கணினியும் சேர்ந்த கற்கைநெறி கிடைத்தது. போகிற அன்று விடிய ஐந்தரை பஸ்சுக்கு நானும் சந்திக்குப் போனேன். தகப்பன் ஒரு உரப்பையில் அரிசியும், ஒரு போத்தலில் நல்லெண்ணெயும் கட்டி வைத்திருந்தார். நான் கொப்பியின் பிரதியைக் கொடுத்தேன். இரண்டு கிழமை சத்தமில்லை. பிறகு ஒரு இரவு அழைத்தாள்: “ரீச்சர், கொப்பியிலை இல்லாத சொல்லு கனக்க வருது. கணினிச் சொல்லு. அதுகளுக்குத் தமிழ் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?” பாதிக்கு எனக்கும் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தேடிச் சொல்வேன் என்றேன். ஆர் பார்க்கிறது என்ற கேள்விக்கு அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுத் தொலைபேசிதான் பதில்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கொப்பியின் ஒரு பக்கம். நான் போட்ட நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் இன்னொரு கோடு, பச்சைப் பேனாவால். அந்த மூன்றாவது நிரலில் உருண்டை உருண்டையாகச் சிங்கள எழுத்து. அறையில் கூட இருக்கிற பிள்ளை எழுதியதாம், அனுராதபுரத்துப் பிள்ளை. அவளுக்கும் முதல் மூன்று கிழமை ஒன்றும் விளங்கவில்லையாம். லிமிட்டுக்கு நேரே, என் எல்லைக்கு நேரே, எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது என்று கேட்டு அனுப்பினேன். “சீமாவ” என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு செய்தி: புதிதாக வந்த முதலாம் வருடக்காரர் ஆறு பேருக்குப் போட்டோக் கொப்பி எடுக்க வேண்டும், என் கையெழுத்துச் சில இடத்தில் மங்கிவிட்டது, தெளிவாக ஒருமுறை எழுதித் தர முடியுமா என்று. நேற்றிரவு நாற்பத்தோராம் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறேன்.